ஜார் ஜார் மேல ஏம்ப்பா இவ்ளோ காண்டு?

ஒரு கேள்வி மக்களே! 'ஸ்டார் வார்ஸ்' படங்களை உலகத்திலேயே ரொம்பக் கேவலமா திட்டுறது யாரு? படம் பிடிக்காதவங்களா? ம்ஹூம். அவங்க "என்னமோ டியூப்லைட்டைப் பிடிச்சுக்கிட்டு சண்டை போடுறாங்கப்பா"னு சொல்லிட்டு சேனலை மாத்திட்டுப் போயிடுவாங்க. சீன் சீனா பிரிச்சு, வசனம் வசனமா அலசி, "என் சின்ன வயசையே நாசம் பண்ணிட்டானுங்க"னு கதறுறது அத்தனை பேரும் ரசிகர்கள்தான். அதுவும் சாதா ரசிகர்கள் இல்லை. எந்தக் கப்பல்ல எத்தனை பீரங்கினு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற கேஸுங்க!

இந்த அன்பும் அடியும் எந்த அளவுக்குப் போகும்னு தெரியணும்னா 1998 நவம்பருக்குப் போகணும். அமெரிக்காவுல பிராட் பிட் நடிச்ச 'மீட் ஜோ பிளாக்' ஓடிக்கிட்டிருந்த நேரம். சில தியேட்டர்கள்ல முழு டிக்கெட் எடுத்து உள்ளே போன கூட்டத்துல ஒரு பகுதி, படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே எழுந்து வெளிய வந்துடுச்சு. பிராட் பிட் மேல கோபமெல்லாம் இல்லை. அவங்க வந்ததே படத்துக்கு முன்னாடி ஓட்டின ரெண்டு நிமிஷ டிரெய்லருக்காக! 1983-க்கு அப்புறம் 16 வருஷம் கழிச்சு வரப்போற 'ஸ்டார் வார்ஸ்' படம், 'தி பேண்டம் மெனஸ்'. லாஸ் ஏஞ்சல்ஸ்ல சைனீஸ் தியேட்டர் வாசல்ல ரிலீஸுக்குப் பல வாரம் முன்னாலயே க்யூ. நம்மூர்ல கட்அவுட்டுக்குப் பால் ஊத்துறவங்களையே மிரள வைக்கிற பக்தி!

1999 மே 19. படம் வந்துச்சு. முதல் ரிலீஸ்லயே 90 கோடி டாலருக்கு மேல வசூல். ஆனா க்யூவுல நின்ன அதே ஆளுங்க முகத்துல ஈ ஆடலை. கதை, வியாபார வரி பிரச்னையில ஆரம்பிக்குது. விண்வெளி சாகசம்னு போனா பட்ஜெட் கூட்டத்தொடர் மாதிரி பேசிக்கிட்டே இருக்காங்க. பழைய படங்கள்ல 'ஃபோர்ஸ்'ங்கிறது ஏதோ சித்தர் சமாச்சாரம் மாதிரி பிடிபடாத விஷயமா இருந்தது. இதுல ஒரு சின்னப் பையன் ரத்தத்தை எடுத்து டெஸ்ட் பண்ணி, "கவுன்ட் இருபதாயிரத்துக்கு மேல இருக்கு"னு லேப் ரிப்போர்ட் வாசிக்கிறாங்க. ரசிகர்கள் கொதிச்சதுல நியாயம் இருக்கத்தான் செஞ்சுது.

ஆனா அந்த மொத்தக் கொதிப்பும் கடைசியில போய் விழுந்தது ஜார் ஜார் பிங்க்ஸ் தலையில. நீளக் காது, தடுக்கித் தடுக்கி விழுற நடை, கொழகொழ பேச்சுனு ஒரு காமெடி பீஸ். குழந்தைகளுக்காக ஜார்ஜ் லூகாஸ் வச்சது. பெரியவங்களுக்கு ஆகவே ஆகலை. கரீபியன் மக்களோட பேச்சைக் கேலி பண்ற மாதிரி இருக்குனு விமர்சகர்கள் சீரியஸாவே எழுதினாங்க. அந்தக் கேள்வியை லூகாஸ்கிட்ட கேட்டது தப்பே இல்லை. அவர்தானே படைச்சவர்?

கேள்வி அவரோட நிக்கலை. அங்கேதான் வில்லங்கம்.

ஜார் ஜாருக்கு உடம்பும் குரலும் குடுத்தவர் அகமது பெஸ்ட். அப்போ இருபதுகளின் நடுவுல இருந்த கறுப்பின இளைஞர். துடைப்பம், குப்பைத்தொட்டி மூடியெல்லாம் வச்சு தாளம் போட்டே அரங்கத்தை அதிர வைக்கிற 'ஸ்டாம்ப்' மேடை ஷோவுல கலக்கிக்கிட்டிருந்தவர். உடம்பு அசைவைக் கம்ப்யூட்டர்ல பதிஞ்சு ஒரு முழு கேரக்டரையே உருவாக்குற டெக்னிக் அப்போ தவழ்ற குழந்தை. அதுல முதன்முதலா ஒரு பெரிய படம் முழுக்க வந்த முக்கிய கேரக்டர்கள்ல ஜார் ஜாரும் ஒண்ணு. 2002-ல 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கோலமை ஆஹா ஓஹோனு கொண்டாடினோமே, அதுக்கெல்லாம் முன்னாடி ரோடு போட்ட ஆளு. அவருக்குக் கிடைச்சது? மோசமான நடிப்புக்குக் குடுக்கிற 'ராஸி' விருது, பத்திரிகைகள்ல கிழி, போற இடமெல்லாம் கேலி.

2018 ஜூலையில அவரே சொன்னார். நியூயார்க்ல புரூக்ளின் பாலத்துக்குப் பக்கத்துல தன் சின்னப் பையனோட நிக்கிற போட்டோவைப் போட்டு, அந்த எதிர்ப்பு தன் வேலையை இன்னமும் பாதிக்குதுனும், உயிரை விட்டுடலாம்னு தான் நினைச்ச இடம் இதுதான்னும் எழுதினார். பக்கத்துல நிக்கிற பையன்தான் தான் பிழைச்சு இருக்கிறதுக்குக் கிடைச்ச பரிசுனும் சொன்னார். பத்தொன்பது வருஷமா அவர் மனசுல கிடந்த விஷயம் அது. இத்தனைக்கும் அந்தாளு திரைக்கதை எழுதலை, டைரக்ட் பண்ணலை, ரத்த டெஸ்ட் ஐடியா அவரோடது இல்லை. சொன்னதைச் செஞ்சார், அவ்ளோதான்.

"அப்போ படம் மொக்கையா இருந்தா வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா பாஸ்?"னு நீங்க கேட்பீங்க. அட, யாரு சொன்னா? நான் காரசாரமான விமர்சனத்துக்குப் பரம ரசிகன். இதே 'பேண்டம் மெனஸ்' படத்தை 2009 டிசம்பர்ல மைக் ஸ்டோக்லாசா ஒரு வீடியோவுல கிழிச்சார் பாருங்க. எழுபது நிமிஷம்! படத்தோட நீளத்துல பாதி. 'பிளிங்கெட்'னு ஒரு சிடுசிடு கிழவன் குரல்ல, சில இடங்கள்ல முகம் சுளிக்கிற ஜோக்குகளோட ஓடுது. ஆனா உள்ளே விஷயம் இருக்கு. ஒரே ஒரு டெஸ்ட் வச்சார்: ஒரு கேரக்டரைப் பத்திச் சொல்லுங்க, ஆனா ஆள் எப்படி இருப்பார், என்ன உடை, என்ன தொழில், கதையில என்ன வேலைனு எதையும் சொல்லக்கூடாது.

பழைய படத்து ஹான் சோலோவைக் கேட்டா, "திமிர் பிடிச்சவன், காசுக்கு அலையுறவன், ஆனா உள்ளுக்குள்ள நல்லவன்"னு மடமடனு கொட்டுறாங்க. புதுப் படத்து க்வை-கான் ஜின்னைக் கேட்டா... "அது வந்து... தாடி..." தாடி சொல்லக் கூடாதே! அப்படியே உட்கார்ந்துடுறாங்க. படத்துல என்ன குறைனு இதைவிட சுருக்கமா யாரும் சொன்னதில்லை. அடுத்து நீங்க பார்க்கிற எந்தப் படத்துக்கும் இந்த டெஸ்டைக் கேன்டீன்ல போட்டுப் பாருங்க, பாதி ஹீரோக்கள் காலி. கதை எழுத ஆசைப்படுறவங்களுக்கு ஒரு செமஸ்டர் பாடத்தை ஓசியில குடுத்த விமர்சனம் அது. இத்தனை கடுமையிலயும் குறி முழுக்கக் கதை மேலயும், அதை எடுத்த லூகாஸ் மேலயும்தான்.

இந்தச் சண்டையெல்லாம் 1999-ல முளைச்சதுனு நினைச்சுடாதீங்க. 1977 மே 25 அன்னிக்கு முதல் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. மறுவருஷமே ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதின தொடர் நாவல் வந்துடுச்சு. அதுல லூக்குக்கும் லேயாவுக்கும் நடுவுல லேசா ரொமான்ஸ் வாடை அடிக்கும். 1983 படத்துல ரெண்டு பேரும் கூடப்பிறந்த இரட்டையர்னு லூகாஸ் குண்டைத் தூக்கிப் போட்டார். நாவலை வாங்கிப் படிச்சு உருகினவன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க! 1980-ல 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' வந்தப்போ 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் உதட்டைப் பிதுக்கினார். டார்த் வேடர்தான் லூக்கோட அப்பாங்கிற அந்த சீனை நம்பறதா வேண்டாமானு ரசிகர்கள் மூணு வருஷம் அடிச்சுக்கிட்டாங்க. வேடருக்குக் குரல் குடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸே ஸ்கிரிப்டைப் படிச்சப்போ "இவன் பொய் சொல்றான்"னுதான் நினைச்சாராம். இன்னிக்கு எந்த ரசிகரைக் கேட்டாலும் இருக்கிறதுலயே பெஸ்ட் அந்தப் படம்தான்பாங்க.

1997-ல லூகாஸ் பழைய படங்களைத் தூசி தட்டி, கிராஃபிக்ஸ் சேர்த்து மறுபடி ரிலீஸ் பண்ணினார். முதல் படத்துல ஹான் சோலோ ஒரு பார்ல கிரீடோங்கிற அடியாளைச் சுட்டுட்டு அசால்ட்டா கிளம்பிப் போவார். புது வெர்ஷன்ல கிரீடோ முதல்ல சுடுறான், அப்புறம்தான் ஹான். சில நொடி மாற்றம். "ஹான்தான் முதல்ல சுட்டார்"னு டி-ஷர்ட்டே அடிச்சுட்டாங்க! சிரிப்பு வரும்தான். ஆனா யோசிச்சா, அவங்க சண்டை போட்டது ஒரு குண்டுக்காக இல்லை. சுயநலக்காரனா இருந்தவன் நல்லவனா மாறுறதுதானே ஹானோட கதை? ஆரம்பத்துலயே நல்லவனாக்கிட்டா அப்புறம் எதுக்கு மாறணும்? பாயின்ட் பிடிச்ச ஆளுங்கப்பா.

சாம்ராஜ்யம் பெருசாக ஆக, தகராறும் பெருசாச்சு. படமே வராத காலத்துல, 1991-ல டிமோதி ஸான் எழுதின நாவல் வந்து பட்டையைக் கிளப்புச்சு. த்ரான்னு நீலத் தோல் வில்லன், எதிரியோட ஓவியங்களைப் பார்த்தே போர் வியூகம் வகுக்கிற மூளைக்காரன். அதுக்கப்புறம் நாவல், காமிக்ஸ், வீடியோ கேம்னு கிளை விட்டு கிளை வளர்ந்தது. 2012 அக்டோபர்ல டிஸ்னி கம்பெனி 405 கோடி டாலருக்கு மொத்தக் கடையையும் வாங்குறதா அறிவிச்சுது. 2014 ஏப்ரல்ல, "இதுவரை வந்த நாவல், காமிக்ஸெல்லாம் இனிமே 'லெஜண்ட்ஸ்'. புதுப் படங்களோட கதை அதையெல்லாம் பின்பற்றாது"னு ஒரு அறிக்கை. இருபது வருஷமா பாக்கெட் மணியைச் சேர்த்து அலமாரி நிறைய வாங்கி வச்சவனுக்கு எப்படி இருக்கும்? சொந்த ஊர் பேரையே மேப்ல இருந்து அழிச்ச மாதிரி! போட்ட கூச்சல்ல தப்பு சொல்ல மாட்டேன். த்ரான் மட்டும் தப்பிச்சார். 2016-ல கார்ட்டூன் தொடருக்கும், 2023-ல 'அசோகா' தொடருக்கும் அவரை மறுபடி கூட்டிட்டு வந்தாங்க.

இப்போ கொஞ்சம் இங்கிலாந்து பக்கம் போவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர் அங்கேதான் இருக்கு.

1963-ல பி.பி.சி.-ல ஆரம்பிச்ச 'டாக்டர் ஹூ' தொடர். ஹீரோ சாகுற நிலைக்கு வந்தா வேற உடம்பு, வேற முகத்தோட எழுந்து வருவார், அதாவது நடிகரை மாத்திக்கலாம். என்னா ஐடியா! 1986-ல தொடர் தள்ளாட்டத்துல இருந்தது. பி.பி.சி.-லயே 'ஓப்பன் ஏர்'னு நேயர்கள் கருத்து சொல்ற நிகழ்ச்சி. அதுல டாக்டர் ஹூ ரசிகர்களைக் கூப்பிட்டிருந்தாங்க. அந்த சீசன்ல கதை எழுதின பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதியும் பதில் சொல்ல வந்திருந்தாங்க. ரசிகர் கூட்டத்துல 16 வயசுப் பையன் ஒருத்தன். எழுத்து இன்னும் எவ்வளவோ நல்லா இருந்திருக்கலாம், அரைச்ச மாவு, வராண்டாவுல இங்கேயும் அங்கேயும் ஓடுறது, அசட்டு அரக்கன்கள்னு எழுதினவங்களுக்கே கேக்கிற மாதிரி போட்டு வாங்கினான். பையன் பேரு கிறிஸ் சிப்னல்.

முப்பத்தி ரெண்டு வருஷம் கழிச்சு, 2018-ல அதே 'டாக்டர் ஹூ' தொடரோட முழுப் பொறுப்பையும் ஏத்துக்கிட்டவர் யாரு தெரியுமா? சாட்சாத் அதே கிறிஸ் சிப்னல்!

ஜோடி விட்டேக்கரை முதல் பெண் டாக்டரா கொண்டுவந்தார். அதுக்கே ஒரு கூட்டம் குய்யோ முறையோனு கத்துச்சு. 2020-ல, 1963-ல வந்த முதல் டாக்டருக்கு முன்னாடியே வேற டாக்டர்கள் இருந்தாங்கனு ஒரு கதை விட்டார். முடிஞ்சுது ஜோலி. எழுத்து மொக்கை, வசனம் பிரசங்கம், வரலாற்றையே மாத்திட்டார்னு புதுத் தலைமுறைப் பசங்க அவரை உண்டு இல்லைனு பண்ணினாங்க. அந்த 1986 கிளிப்பைத் தேடி எடுத்து அவர் முன்னாலயே நீட்டினவங்களும் உண்டு. பாவம் மனுஷன்!

ஆனா அந்த 16 வயசு சிப்னல் மேல எனக்கு மரியாதைதான். அவன் எழுத்தைத்தான் திட்டினான். ஒரு எழுத்தாளனா ஆகுற பையன் அப்படித்தான் கடுப்பாவான். அவன் மட்டுமா? அதே தொடர்ல 2013 கடைசியில இருந்து டாக்டரா நடிச்ச பீட்டர் கபால்டி, 1974-ல ஸ்கூல் பையனா இருந்தப்போ அந்தத் தொடரைப் பத்தி 'ரேடியோ டைம்ஸ்' பத்திரிகைக்கு லெட்டர் போட்டவர். 1989-ல நின்னுபோன தொடரை 2005-ல உயிரோட மீட்டுக் கொண்டுவந்த ரஸ்ஸல் டி டேவிஸும் சின்ன வயசுல இருந்தே பக்தர்தான். ரசிகன், விமர்சகன், படைப்பாளி மூணும் வேற வேற ஆளுங்கனு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம். பல சமயம் வேற வேற வயசுல இருக்கிற ஒரே ஆளு!

வயசுனு சொன்னதும் ஞாபகம் வருது. 1987-ல 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' வந்தப்போ பழைய ரசிகர்கள் "கிர்க் இல்லை, ஸ்போக் இல்லை, இது என்ன ஸ்டார் டிரெக்?"னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. பிரெஞ்சுப் பேரு, இங்கிலீஷ் உச்சரிப்பு, வழுக்கைத் தலைனு பேட்ரிக் ஸ்டூவர்ட்டைக் கலாய்ச்சாங்க. ஏழு சீசன், 178 எபிசோட். அதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு ஸ்டார் டிரெக்னாலே அந்த வழுக்கைத் தலை கேப்டன்தான். ஆக, சண்டை எது நல்ல பாகம்ங்கிறது பாதிதான். நீ எந்த வயசுல எந்தப் பாகத்துக்குள்ள நுழைஞ்சேங்கிறது மீதிப் பாதி.

லூகாஸோட அந்த மூணு படங்களுக்கும் அதேதான் நடந்தது. ஹேடன் கிறிஸ்டென்சன் அனகினா நடிச்ச ரெண்டு படத்துக்கும் ராஸி வாங்கினார். 2005-ல வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்', இருபது வருஷம் கழிச்சு 2025 ஏப்ரல்ல மறுபடி தியேட்டருக்கு வந்தது. டி.வி.டி.-யில தேய்ச்ச படம்தானே, யாரு போவானு நினைச்சா, அமெரிக்காவுல அந்த வார இறுதி வசூல்ல ரெண்டாவது இடம்! போனவங்க யாரு? சின்ன வயசுல அந்தப் படத்தோட வளர்ந்தவங்க. திட்டினவங்களுக்கு 30 வயசு இருந்தப்போ, இந்தப் பசங்க பென்சிலை வாள் மாதிரி பிடிச்சுக்கிட்டு வாயாலயே சத்தம் குடுத்துக்கிட்டிருந்தாங்க. அவங்ககிட்ட அப்போ யாரும் அபிப்ராயம் கேட்கலை.

இதெல்லாம் தெரிஞ்சப்புறமாவது திருந்துனோமா? 2017 டிசம்பர்ல 'தி லாஸ்ட் ஜெடாய்'. டைரக்டர் ரையன் ஜான்சன், லூக் ஸ்கைவாக்கரை உலகமே வேண்டாம்னு ஒரு தீவுல ஒதுங்கின விரக்தி மனுஷனா காட்டினார். லூக்கா நடிச்ச மார்க் ஹாமிலே "எனக்கு இதுல உடன்பாடில்லை"னு வெளிப்படையா சொல்லி, அப்புறம் அதை வெளிய சொல்லியிருக்க வேண்டாம்னு வருத்தப்பட்டார். விவாதிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அந்த லூக்கைப் பிடிக்கும், நடுவுல வர்ற சூதாட்ட நகரம் சீன்ல கொட்டாவி வரும். நீங்க நேர்மாறா சொல்லலாம். ராத்திரி பூரா பேசுவோம்.

ஆனா என்ன நடந்தது? அதுல ரோஸ் டிக்கோவா நடிச்ச கெல்லி மேரி டிரான் மேல பாய்ஞ்சாங்க. வியட்நாமிய வம்சாவளிப் பொண்ணு. நிறம், இனம், உடம்புனு எல்லாத்தையும் இழுத்து மாசக்கணக்குல வசவு. 2018 ஜூன்ல இன்ஸ்டாகிராம்ல இருந்த பதிவு மொத்தத்தையும் அழிச்சுட்டார். ஆகஸ்ட்ல 'நியூயார்க் டைம்ஸ்'ல ஒரு கட்டுரை எழுதினார். அந்த வசவுகளை தான் நம்ப ஆரம்பிச்சதைத்தான் அதுல சொல்லியிருந்தார். ஜார் ஜார் நடிகருக்கு நடந்ததை அகமது பெஸ்ட் வெளிய சொன்ன அதே 2018!

கம்பெனி என்ன பண்ணுச்சு? 2019-ல வந்த அடுத்த படத்துல ரோஸ் திரையில வர்றது ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவு. படம் ஓடுறதோ ரெண்டே கால் மணி நேரத்துக்கு மேல. செத்துப்போன பழைய வில்லனைத் தூசி தட்டிக் கொண்டுவந்தாங்க. போன படம் சொன்னதையெல்லாம் மாத்தினாங்க. கத்தினவங்க வாயை அடைச்சுடலாம்னு கணக்கு. கத்தினவங்களும் திருப்தியாகலை, 'லாஸ்ட் ஜெடாய்' பிடிச்சவங்களும் கைவிட்டாங்க. அந்தப் படம் 133 கோடி டாலர், இந்தப் படம் 107 கோடி. பரீட்சையில பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினா இப்படித்தான்!

அகமது பெஸ்ட் கதைக்கு ஒரு பாக்கி இருக்கு. 2020-ல குழந்தைகளுக்கான ஒரு 'ஸ்டார் வார்ஸ்' கேம் ஷோவுல கெலரன் பெக்னு ஒரு ஜெடாய் வேஷத்துல தொகுப்பாளரா வந்தார். 2023 மார்ச்ல 'தி மாண்டலோரியன்' மூணாவது சீசன். குட்டிப் பச்சைக் குழந்தை க்ரோகு இருக்கே, ஜெடாய்களைக் கூண்டோட கொன்ன ராத்திரியில அது எப்படித் தப்பிச்சதுங்கிற ரகசியத்தை ரசிகர்கள் வருஷக்கணக்கா நோண்டிக்கிட்டிருந்தாங்க. லிஃப்ட் கதவு திறக்குது. ரெண்டு கையிலயும் ரெண்டு ஒளிவாள், வெளிய வர்றது கெலரன் பெக், அதாவது அகமது பெஸ்ட். சொந்த முகத்தோட! குழந்தையைத் தூக்கிக் காப்பாத்தினது அவர்தான். ஜார் ஜாரைப் பார்த்துச் சிரிச்சு வளர்ந்த பசங்க, இப்போ முப்பதைத் தொட்டவங்க, எழுந்து நின்னு கைதட்டினாங்க.

'லாஸ்ட் ஜெடாய்' படத்தை ஏழு வயசுல பார்த்த வாண்டுகள் இருக்காங்களே, அவங்க 2027, 2028 வாக்குல காலேஜுக்குள்ள வருவாங்க. "ரோஸ்தான் என் ஃபேவரிட்"னு யாராவது ஒருத்தர் வந்து உட்காருவாங்க. கேன்டீன் பெஞ்சுல கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் குடுங்க. பிளிங்கெட் டெஸ்ட் வச்சுப் பார்ப்போம்!